நள்ளிரவில் வந்த நெஞ்சுவலி: பகலில் வந்திருந்தால் முடிவு வேறாகியிருக்குமா?

வாசகர் கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, என் அப்பாவுக்கு வயது 62. பதினொரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, கல்யாண ரிசப்ஷனில் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தவர், இரவு ஒன்றரை மணிக்கு நெஞ்சில் பாரம் ஏற்றி வைத்தாற்போல இருக்கிறது என்று எழுந்து உட்கார்ந்திருக்கிறார். வாயுவாக இருக்கும் என்று அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். என்னை எழுப்பியபோது மணி 3.45, அப்பாவின் பனியன் வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. 4.20-க்குத் தாலுகா மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஈசிஜி எடுத்து, மாத்திரைகள் கொடுத்து, 4.50-க்கு ஊசி போட்டு, 70 கிலோமீட்டர் தள்ளியுள்ள பெரிய மருத்துவமனைக்கு 108-இல் அனுப்பினார்கள். அங்கே ஞாயிறு முழுவதும் ஐசியூவில் வைத்திருந்து, திங்கள் காலை ஒன்பதரை மணிக்குத்தான் ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது பம்பிங், அதாவது இதயம் இரத்தத்தைத் தள்ளும் திறன், 42 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்கிறார்கள். இதுவே வார நாளில் பகல் பதினோரு மணிக்கு வந்திருந்தால் இவ்வளவு சேதம் ஆகியிருக்காதா? ‘ராத்திரியில் சின்ன டாக்டர்தான் இருப்பார், விடிந்ததும் நேராக டவுனுக்கே கூட்டிப் போயிருக்க வேண்டும்’ என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அம்மா தன்னையே நொந்துகொண்டிருக்கிறார். காலையில் சாப்பிடும் பிரஷர் மாத்திரையை இரவுக்கு மாற்றினால் நல்லதா என்பதையும் சொல்லுங்கள்.

மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நேரங்களை இவ்வளவு துல்லியமாகக் குறித்து அனுப்பியதற்கு முதலில் நன்றி. பெரும்பாலான குடும்பங்களில் ‘நடுராத்திரி இருக்கும்’, ‘விடிகாலை இருக்கும்’ என்பதற்கு மேல் எவருக்கும் நினைவிருப்பதில்லை. உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அந்த நேரங்களிலேயே இருக்கிறது. கடிதத்துடன் அனுப்பிய ஈசிஜி நகலின் மேல் ஓரத்தில் 4.29 என்று அச்சாகியிருக்கிறது. பல மருத்துவமனைகளில் ஈசிஜி கருவியின் கடிகாரம் அரை மணி முன்னதாகவோ பின்னதாகவோ ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே அது நீங்கள் சொல்லும் நேரத்தோடு ஒத்துப்போவதால் நம்பி எடுத்துக்கொள்கிறேன்.

வலி தொடங்கியது 1.30. ஊசி ஏறியது 4.50. இடையில் 200 நிமிடங்கள். அவற்றில் 135 நிமிடங்கள் உங்கள் வீட்டிலும், 35 நிமிடங்கள் சாலையிலும், 30 நிமிடங்கள் மருத்துவமனையிலும் கழிந்திருக்கின்றன. இரவு உங்கள் அப்பாவிடமிருந்து எதையாவது பறித்தது என்றால், அதில் மூன்றில் இரண்டு பங்கை நீங்கள் வீட்டு வாசலைத் தாண்டுவதற்கு முன்பே பறித்துவிட்டது. அம்மாவைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். மருத்துவமனையில் இரவு நேரம் எந்த இடத்தில் தாமதத்தை உண்டாக்குகிறது, எந்த இடத்தில் உண்டாக்குவதில்லை என்பது தெரிந்தால்தான் உங்கள் முதல் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்ல முடியும்.

இதயத்தின் இரத்தக்குழாய் ஒன்று முழுதாக அடைபட்டுவிட்டால், அதைத் திறக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி. மற்றொன்று, இதயக் குழாய்களை எக்ஸ்ரேயில் பார்த்தபடி சிகிச்சை செய்யும் அறையான கேத் லேபுக்குக் கொண்டுபோய்க் கையிலுள்ள தமனி வழியாகவோ தொடையிலுள்ள தமனி வழியாகவோ மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைப்பில் பலூனை விரித்து ஸ்டென்ட் வைப்பது. ஊசி மருந்து குப்பியில் இருக்கிறது. அதைப் போட ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் போதும். அவர்கள் இருபத்து நான்கு மணி நேரமும் கேஷுவாலிட்டியில் இருப்பவர்கள். கேத் லேப் அப்படிப்பட்டதன்று. பெரும்பாலான ஊர்களில் இரவில் அது பூட்டிக் கிடக்கும். அதை இயக்கும் இதய மருத்துவரும் டெக்னீஷியனும் செவிலியர்களும் வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பார்கள்.

அமெரிக்காவில் 1999 முதல் 2002 வரை சிகிச்சை பெற்ற ஒரு லட்சத்துக்கும் அதிகமான மாரடைப்பு நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2005-இல் வெளியான ஆய்வு, இந்த வேறுபாட்டை நிமிடக் கணக்கில் காட்டியது. வார நாட்களில் காலை 7 முதல் மாலை 5 வரையிலான நேரத்தை வேலை நேரமாகவும், மற்றதையெல்லாம் வேலை நேரத்துக்கு அப்பாற்பட்டதாகவும் கொண்டு பார்த்தபோது, மருத்துவமனைக்குள் நுழைந்ததிலிருந்து ஊசி போடும் வரை ஆன நேரம் பகலில் 33.2 நிமிடம், இரவிலும் விடுமுறை நாளிலும் 34.3 நிமிடம். அதாவது ஒரே ஒரு நிமிட வித்தியாசம். பலூன் சிகிச்சையிலோ அது 94.8 நிமிடத்திலிருந்து 116.1 நிமிடமாக நீண்டது. இந்தக் கூடுதல் நேரம் எங்கே போனது என்றும் அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். ஈசிஜி எடுத்த பிறகு நோயாளி கேத் லேபுக்குப் போய்ச் சேரும் இடைவெளி மட்டும் 49 நிமிடத்திலிருந்து கிட்டத்தட்ட 70 நிமிடமாகியிருந்தது. ஆட்களைக் கூட்டிக் கதவைத் திறக்க ஆன நேரம் அது.

அந்த இடைவெளி எப்படி இருக்கும் என்பதை உள்ளிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இரவுப் பணி அழைப்பு என் பெயரில் உள்ள நாட்களில் கைபேசி தலையணைக்கு அருகில்தான் இருக்கும். இரண்டு மணி வாக்கில் அது ஒலிக்கும்; எடுப்பதற்குள் டூட்டி டாக்டர் ஈசிஜியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்; படுக்கையில் உட்கார்ந்தபடியே அதைப் பெரிதாக்கிப் பார்த்து, ‘கேத் லேபைத் திறக்கச் சொல்லுங்கள், வருகிறேன்’ என்று சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகாது. டெக்னீஷியன் பைக்கை எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும். எக்ஸ்ரே கருவியை இயக்கி, அது தயாராகும் வரை காத்திருக்க வேண்டும். செவிலியர் ஈய அங்கியை மாட்டிக்கொண்டு தட்டைத் தயார் செய்வார். இவற்றையெல்லாம் அரை மணிக்குள் முடித்துவிடலாம். முடித்துவிட்டு, கையுறை அணிந்த கைகளை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, சம்மதக் கையெழுத்துக்காக நின்ற இரவுகள் எனக்கு நினைவிருக்கின்றன. நோயாளியின் மகன் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்று வெளியூரிலுள்ள பெரியப்பாவை அழைத்துக்கொண்டிருப்பார், அவர் எடுக்கமாட்டார், திரும்பவும் அழைப்பார். பகலில் பத்துப் பேர் சூழ நின்று ஐந்து நிமிடத்தில் முடிவெடுக்கும் குடும்பம், இரவு இரண்டரை மணிக்கு ஒருவராக நின்று திணறும். இரவுத் தாமதத்தில் மருத்துவர்களின் பங்கைக் கணக்கிடும் ஆய்வுகள் எவ்வளவோ உண்டு. எடுக்கப்படாத அந்தத் தொலைபேசி அழைப்பை எவரும் கணக்கிட்டதாக எனக்குத் தெரியவில்லை.

உயிரிழப்பிலும் இந்த வேறுபாடு தெரிகிறதா என்று கேட்பீர்கள். தெரிகிறது, ஆனால் பலர் அஞ்சும் அளவுக்கு இல்லை. பல நாடுகளில் நடந்த 48 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 19 லட்சம் நோயாளிகளின் விவரங்களுடன் ஒன்றுசேர்த்து 2014-இல் வெளியிட்டபோது, இரவிலோ விடுமுறை நாளிலோ மருத்துவமனைக்கு வந்த மாரடைப்பு நோயாளிகளுக்கு மரண வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 6 சதவீதம் கூடுதலாக இருந்தது. பலூன் சிகிச்சை சராசரியாக 15 நிமிடம் தாமதமானது. இந்த 6 சதவீதம் என்பதைப் படித்துவிட்டு நூறில் ஆறு பேர் கூடுதலாக இறக்கிறார்கள் என்று புரிந்துகொண்டவர்களைச் சந்தித்திருக்கிறேன். அப்படியன்று. பகலில் நூறு பேர் இறக்கும் இடத்தில் இரவில் நூற்றாறு பேர் என்பதே அதன் தோராயமான பொருள்.

நெதர்லாந்தின் ஸ்வோல நகரில் 1,702 நோயாளிகளிடம் நடந்த, 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று சற்றுக் கவலை தருவது. காலை 8 முதல் மாலை 6 வரை பலூன் சிகிச்சை பெற்றவர்களில் 30 நாட்களுக்குள் இறந்தோர் 1.9 சதவீதம், மற்ற நேரங்களில் 4.2 சதவீதம். சிகிச்சை பலிக்காமல் போவதும் இரவில் கூடுதலாக இருந்தது. தூக்கம் கலைந்து வந்த குழுவின் களைப்பு ஒரு காரணமா, உடலுக்குள் ஓடும் கடிகாரம் ஒரு காரணமா என்பதை அந்த எண்களைக்கொண்டு மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. இந்த நிலையை மாற்ற முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்க இதயவியல் கல்லூரி 2006-இல் தொடங்கிய முயற்சியில், அவசரப் பிரிவு மருத்துவரே ஒரே அழைப்பில் கேத் லேப் குழு முழுவதையும் வரவழைப்பது, ஆம்புலன்ஸிலேயே ஈசிஜி எடுத்து முன்கூட்டித் தெரிவிப்பது போன்ற எளிய மாற்றங்களைப் பரவலாகக் கொண்டுவந்தார்கள். மருத்துவமனைக்குள் நுழைந்ததிலிருந்து பலூனை விரிக்கும் வரையான இடைநிலை நேரம் (பாதிப் பேருக்கு அதற்குள் முடிந்துவிடும் நேரம்) அந்நாட்டில் 2005-இல் 96 நிமிடமாக இருந்தது, 2010-இல் 64 நிமிடமானது. புதிய மருந்தோ புதிய கருவியோ இதற்குத் தேவைப்படவில்லை.

இப்போது உங்கள் அப்பாவுக்கு வருவோம். அதே வலி ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு, அதே தாலுகா மருத்துவமனைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? இன்றைய சிகிச்சை நெறிமுறையின்படி, ஈசிஜியில் நோய் உறுதியான நேரத்திலிருந்து 120 நிமிடத்துக்குள் பலூன் சிகிச்சை செய்ய முடியும் என்றால் நோயாளியை நேராக அதற்கு அனுப்பலாம். முடியாது என்றால் உடனே ஊசி போட்டுவிட வேண்டும். ஆம்புலன்ஸ் வர வேண்டும், 70 கிலோமீட்டர் போக வேண்டும், அங்கே மறுபடியும் பார்த்துக் கேத் லேபுக்குள் கொண்டுபோக வேண்டும். பகல் நேரப் போக்குவரத்தில் இவை எல்லாம் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். ஆகவே பகலாக இருந்தாலும் அந்த மருத்துவர் செய்ய வேண்டிய சரியான வேலை ஊசி போடுவதுதான். ஈசிஜிக்கும் ஊசிக்கும் இடையில் 21 நிமிடம் ஆகியிருக்கிறது. பத்து நிமிடத்துக்குள் என்பது இலக்கு. ஆயினும் முன்பு பக்கவாதம் வந்ததா, அண்மையில் அறுவை சிகிச்சை நடந்ததா, வயிற்றில் இரத்தக்கசிவு உண்டா என்றெல்லாம் விசாரிக்காமல் இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது என்பதால், அந்த 21 நிமிடத்தை நான் குறை சொல்லமாட்டேன். நீங்கள் அனுப்பிய சீட்டில், கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தான டெனெக்டிப்ளேஸ் 40 மில்லிகிராம் என்று இருக்கிறது. அப்பாவின் 72 கிலோ எடைக்கு அது சரியான அளவு. உங்கள் உறவினர்கள் ‘சின்ன டாக்டர்’ என்று சொல்லும் அந்தப் பணி மருத்துவர், அந்த அதிகாலையில் எந்தப் பெரிய டாக்டரும் செய்திருக்கக்கூடிய வேலையைத்தான் செய்திருக்கிறார்.

ஊசி போட்டுவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, அங்கே ஆஞ்சியோ செய்யும் இந்த முறை, வசதி இல்லாத ஊருக்கு ஏதோ ஈடுகட்டிச் செய்வது என்றும் நினைத்துவிட வேண்டாம். தமிழ்நாட்டிலேயே 2012 முதல் நான்கு தொகுப்புகளாகச் சிறிய மருத்துவமனைகளையும் கேத் லேப் உள்ள மருத்துவமனைகளையும் இணைத்து நடத்திய மாரடைப்புத் திட்டத்தில் 2,420 நோயாளிகளின் விவரங்களைப் பின்தொடர்ந்தார்கள். திட்டத்துக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தோர் 17.6 சதவீதம், திட்டத்துக்குப் பின் 14.2 சதவீதம். 2017-இல் வெளியான அந்த முடிவுகள் பிற நாடுகளிலும் கவனிக்கப்பட்டன.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். ஊசி பலித்துவிட்டால், 2 மணி நேரத்துக்குப் பின், 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ செய்வது நெறிமுறை. உங்கள் அப்பாவுக்கு அது 28 மணி 40 நிமிடத்துக்குப் பிறகு நடந்திருக்கிறது. வார நாளாக இருந்திருந்தால் அன்று மாலைக்குள் நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் பம்பிங் குறைந்ததற்கு அந்த நான்கு மணி 40 நிமிடத் தாமதம் காரணமாகாது. ஏனென்றால், பெரிய மருத்துவமனையில் 6.40-க்கு எடுத்த இரண்டாவது ஈசிஜியில், முதல் ஈசிஜியில் மேலே தூக்கியிருந்த கோடுகள் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கின்றன. வலியும் குறைந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இரத்தக்குழாய் திறந்துவிட்டது என்பதற்கான அடையாளங்கள் இவை. கோடுகள் இறங்காமலும் வலி தீராமலும் இருந்திருந்தால், ஞாயிறு என்றும் பாராமல் உடனே கேத் லேபுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் திங்கள் வரை வைத்திருந்தால் அதைப் பிழை என்று நானே சொல்லியிருப்பேன். ஊசி போட்ட 60 முதல் 90 நிமிடத்துக்குள் எடுக்க வேண்டிய இந்த இரண்டாவது ஈசிஜியைத்தான் இரவு நேர அவசரத்தில் பலர் மறந்துவிடுகிறார்கள். வேறொருவருக்காக இப்படி ஐசியூ வாசலில் நிற்க நேர்ந்தால், ‘ஊசிக்குப் பிறகு ஈசிஜி எடுத்தீர்களா, கோடு இறங்கியிருக்கிறதா?’ என்று தயங்காமல் கேளுங்கள். எந்த மருத்துவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

அப்படியானால் பம்பிங் குறைந்தது எதனால்? அடைப்பு ஏற்பட்ட அரை மணிக்குள்ளாகவே இதயத் தசை உள்பக்கத்திலிருந்து அழியத் தொடங்கி, மணிக்கணக்கில் வெளிப்பக்கம் நோக்கிப் பரவுகிறது. ஊசி சிகிச்சையின் பழைய ஆய்வுகளைத் தொகுத்து 1996-இல் வெளியிட்ட கணக்கு ஒன்றை நான் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வேன். வலி தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆயிரம் பேருக்கு ஊசி போட்டால் 65 உயிர்கள் கூடுதலாகப் பிழைக்கின்றன, இரண்டாவது மணி நேரத்தில் 37, மூன்றாவதில் 26. முதல் இரண்டு மணி நேரத்தில்தான் பலன் இவ்வளவு செங்குத்தாகச் சரிகிறது. உங்கள் அப்பாவின் அந்த இரண்டு மணி நேரமும் ஓமத் தண்ணீரிலும், ‘ஏப்பம் வந்தால் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கையிலும் கழிந்துவிட்டது.

விடியும் வரை காத்திருந்திருக்க வேண்டும் என்ற உறவினர்களின் யோசனை இந்த இடத்தில்தான் மிகவும் ஆபத்தாகிறது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு; அது அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மாரடைப்பு நாளின் எல்லா நேரத்திலும் ஒரே அளவில் வருவதில்லை. 1985-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், இரத்தத்தில் இதயத் தசையின் நொதி உயரத் தொடங்கும் நேரத்தைக்கொண்டு கணக்கிட்டபோது, இரவு 11 மணியைவிடக் காலை 9 மணியளவில் மாரடைப்பு மூன்று மடங்கு அதிகமாகத் தொடங்கியது தெரியவந்தது. விழித்து எழும் வேளையில் கார்ட்டிசோல், அட்ரினலின் என்னும் ஹார்மோன்கள் உயர்கின்றன; இரத்த அழுத்தம் ஏறுகிறது; எழுந்து நின்றதும் இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இயல்பு கூடுகிறது. அதே வேளையில், கட்டியைக் கரைக்கும் உடலின் சொந்த ஏற்பாட்டுக்குத் தடைபோடும் பிஏஐ-1 என்னும் புரதம் விடியற்காலை ஆறரை மணியை ஒட்டி உச்சத்தில் இருக்கிறது. டெனெக்டிப்ளேஸ் எந்த மருந்திலிருந்து மாற்றி உருவாக்கப்பட்டதோ அந்த மருந்து, காலை நேரத்தில் மற்ற நேரங்களைவிடக் குறைவாகப் பலித்ததாகவும் ஆய்வுகள் உண்டு. ஆக, இரவு ஒன்றரை மணிக்கு அடைத்த குழாயை வைத்துக்கொண்டு விடியலுக்காகக் காத்திருப்பவர், தன் உடல் கட்டியைக் கரைக்க மிகவும் தயங்கும் நேரத்துக்காகக் காத்திருக்கிறார். கட்டியும் அதற்குள் பழசாகி இறுகிவிடுகிறது. காலையில் பெரிய டாக்டர் வந்துவிடுவார் என்பது உண்மைதான். அவர் காப்பாற்றுவதற்கு என்ன மிஞ்சியிருக்கும் என்பதுதான் கேள்வி. கேத் லேப் இரவில் 15 அல்லது 20 நிமிடம் தாமதிக்கிறது என்பதற்காக நான்கு மணி நேரத்தை வீட்டில் செலவிடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

அம்மாவிடம் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இந்தியாவில் 20,468 நோயாளிகளைக்கொண்டு 2008-இல் வெளியான ‘கிரியேட்’ பதிவேட்டில், அறிகுறி தொடங்கியதிலிருந்து மருத்துவமனைக்கு வந்து சேர ஆன இடைநிலை நேரம் 360 நிமிடம். உங்கள் அப்பா 170 நிமிடத்தில் வந்துவிட்டார். ரிசப்ஷன் சாப்பாட்டுக்குப் பின் நள்ளிரவில் நெஞ்சு கனத்தால் அதை வாயு என்று நினைப்பது அவர் ஒருவர் செய்த தவறன்று; தனக்கே மாரடைப்பு வந்தபோது ஜெலுசில் குடித்துவிட்டுப் படுத்த மருத்துவர்களை எனக்குத் தெரியும். மேலும், நீண்ட நாள் சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு வலி மழுங்கியே தெரியும். சிலருக்கு வலியே இராது. அவர்களிடம் வியர்வைதான் பேசும். மின்விசிறி ஓடும்போது பனியன் நனையும் அளவுக்கு வியர்த்தால், அது சாப்பாட்டு வாயு இல்லை என்று வைத்துக்கொண்டு புறப்பட்டுவிட வேண்டும். போய் ஈசிஜி எடுத்து ஒன்றுமில்லை என்றால் திரும்பி வந்து படுத்துக்கொள்ளலாம். வீணாக எழுப்பிவிட்டீர்கள் என்று டூட்டி டாக்டர் முகம் சுளித்தாலும் சுளித்துக்கொள்ளட்டும்.

ஒரு முறை மாரடைப்பு வந்தவருக்கு மறுமுறையும் வரலாம். அதுவும் இரவில் வரலாம். ஆகவே பகலிலேயே முடித்து வைக்கவேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. உங்கள் வீட்டிலிருந்து எந்தத் திசையில் போனால் இரவிலும் ஈசிஜி எடுத்து ஊசி போடுவார்கள், எந்த மருத்துவமனையில் கேத் லேப் குழு இரவிலும் வரும் என்பதை நேரில் போய் விசாரித்து வையுங்கள். பெயர்ப்பலகையில் ‘24 மணி நேரம்’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ், மாரடைப்பு வந்தவருக்கு உடனே கொடுப்பதற்காக, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டர்வாஸ்டாட்டின் ஆகியவற்றின் முதல் வேளை அளவு வைக்கப்பட்டிருக்கிறது; உங்கள் ஊர் நிலையத்தில் இரவில் செவிலியர் இருக்கிறாரா என்று கேட்டு வையுங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கம், கடைசியாக எடுத்த ஈசிஜி, மாத்திரைச் சீட்டு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை ஆகியவற்றை ஒரு பையில் போட்டு வாசல் ஆணியில் மாட்டிவிடுங்கள். பழைய ஈசிஜி கையில் இருந்தால், புதிய மாற்றத்தைக் கண்டுபிடிப்பது பணி மருத்துவருக்கு எவ்வளவு எளிதாகிறது என்பதை நான் சொல்லி முடியாது. அவசரத்தில் கையெழுத்துப் போடுவது யார் என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள். அப்பாவே தெளிவாக இருந்தால் அவர் சம்மதமே போதும், வெளியூரில் இருப்பவரை எழுப்பிக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை.

வலி வந்தால் அப்பா உட்கார்ந்த நிலையில் இருக்கட்டும். அவருடைய மருத்துவர் நெஞ்சுவலிக்கான சார்பிட்ரேட் மாத்திரை கொடுத்திருந்தால் ஒரு மாத்திரையை நாக்கின் அடியில் வைக்கலாம். தலை சுற்றினாலோ, பிரஷர் தாழ்ந்திருந்தாலோ, ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை அண்மையில் சாப்பிட்டிருந்தாலோ கூடாது. ஐந்து நிமிடத்தில் வலி அடங்கவில்லை என்றால் 108-ஐ அழைத்துவிடுங்கள். பைக்கின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகும் பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. மாரடைப்பின் முதல் மணி நேரத்தில் இதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகி மயங்கி விழுவது மற்ற நேரங்களைவிட அதிகம் நடக்கிறது. ஓடும் பைக்கில் அது நடந்தால் எவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பிரஷர் மாத்திரையின் நேரத்தைப் பொறுத்தவரை சுருக்கமாகவே சொல்ல முடியும். இரவில் சாப்பிட்டால் மாரடைப்பு வெகுவாகக் குறைகிறது என்று ஒரு காலத்தில் பரபரப்பாகப் பேசப்பட்டது. பிரிட்டனில் 21,104 பேரிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், காலையில் சாப்பிட்டவர்களுக்கும் மாலையில் சாப்பிட்டவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை. அப்பாவுக்கு எந்த நேரத்தில் மறக்காமல் சாப்பிட வருகிறதோ அந்த நேரத்திலேயே தொடரட்டும்.

கடிதத்தின் ஓரத்தில், அப்பாவின் குறட்டை பக்கத்து அறை வரை கேட்கும் என்றும், சில வேளை மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவார் என்றும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. மாரடைப்பு வந்த 92 பேரிடம் தூக்கச் சோதனை செய்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் உள்ளவர்களில் 32 சதவீதத்தினருக்கு நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்கும் இடையில் மாரடைப்பு வந்திருந்தது. அந்த நோய் இல்லாதவர்களில் 7 சதவீதத்தினருக்கு மட்டுமே. சிறிய ஆய்வுதான், ஆனாலும் இரவு ஒன்றரை மணிக்கு மாரடைப்பு வந்த, குறட்டை விடும், சர்க்கரை நோயுள்ள ஒருவருக்குத் தூக்கச் சோதனை செய்யாமல் விடுவது சரியாகாது. 42 சதவீதம் என்ற எண்ணையும் இப்போதைக்கு முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டாம்; அடைப்பு திறந்த பிறகும் சில வாரங்களுக்கு ஒரு பகுதித் தசை உயிரோடு இருந்தும் வேலை செய்யாமல் கிடக்கும், பிறகு மெல்ல விழித்துக்கொள்ளும். மாத்திரைகளை ஒரு வேளையும் விடாமல் கொடுத்து, மாரடைப்பு வந்த நாளிலிருந்து ஆறு வாரம் கழித்து, பம்பிங்கை அளக்கும் எக்கோ ஸ்கேனை மறுபடி எடுங்கள். அன்றே தூக்கச் சோதனைக்கும் நாள் கேட்டுக்கொண்டு வாருங்கள்.